வீட்டில் வேதபாடக் குழு தொடங்குவது எப்படி? புதுவை, கடலூர் வட்டாரத்தில் புதிதாக நடத்த வருபவர்களுக்கு

புதுவையிலும் கடலூரிலும் வீடுகளில் கூடும் கிறிஸ்தவக் கூட்டங்களில் பெரும்பாலானவை ஜெபக்கூட்டங்கள். இரண்டு பாட்டு, ஒரு சாட்சி, ஒருவர் கொடுக்கும் செய்தி, நீண்ட ஜெபம், கடைசியில் காபி. அது ஒரு வகை, நல்ல வகைதான். வேதபாடம் வேறு. அதில் எல்லார் மடியிலும் ஒரே பகுதி திறந்திருக்கும். யார் எதைச் சொன்னாலும் ‘அது எந்த வசனத்தில் இருக்கிறது?’ என்று கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. நடத்துபவருக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கு கிடையாது.

பெரும்பாலான குழுக்கள் மூன்று நான்கு மாதத்தில் கரைந்துபோவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. நடத்துபவர் மெல்லப் பிரசங்கியாக மாறிவிடுகிறார். வந்தவர்கள் கேட்பவர்களாகிவிடுகிறார்கள். பிரசங்கம் கேட்க ஞாயிறு இருக்கிறதே, வியாழக்கிழமை வேறு எதற்கு என்று அவர்கள் நின்றுவிடுகிறார்கள். கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி, நடத்துபவரின் வாயைக் கட்டுவதற்காகவே.

முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்

வாட்ஸ்அப் குழு உருவாக்குவதற்கு முன் உங்கள் ஆயரையோ பங்குத்தந்தையையோ பாஸ்டரையோ நேரில் பாருங்கள். எந்த வீடு, எந்தக் கிழமை, எந்த நூல், யார் நடத்துவது என்ற நான்கு விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இது அனுமதிச் சடங்கு என்று எண்ண வேண்டாம். சொல்லாமல் தொடங்கினால் ‘அவர் தனிச் சபை ஆரம்பிக்கிறாராம்’ என்ற பேச்சு உங்களுக்கு முன்னால் கோயிலுக்குப் போய்ச் சேரும். அதன்பின் விளக்கம் சொல்வது கடினம்.

கத்தோலிக்கர் என்றால் தெருவில் ஏற்கெனவே ஓர் அன்பியம், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு, இருக்கும். புதிதாகத் தொடங்குமுன் அதன் கூட்டத்துக்கு இரண்டு முறை போய்ப் பாருங்கள். பல அன்பியங்களில் நற்செய்திப் பகிர்வுக்கு ஏழு படி முறை கைக்கொள்ளப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையம் வடிவமைத்தது அது: ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனதில் பட்ட சொல்லைத் திரும்பச் சொல்லுதல், மௌனம், பகிர்வு, செயல் பற்றிய பேச்சு, ஜெபம். இறைவார்த்தையோடு ஜெபிக்க அருமையான முறை. பகுதியின் பொருளை ஆராய அதில் இடம் குறைவு. அதனால் அன்பியத்துக்குப் போட்டியாக இல்லாமல், அதன் உறுப்பினர்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு மாதம் இரண்டு வேதபாடம் என்று வைத்தால் இரண்டும் பிழைக்கும்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ஆயரிடம் சொன்னதோடு சபைக் கமிட்டியின் காதிலும் போட்டுவையுங்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் கடலூரிலேயே இருப்பதால், அங்கே லுத்தரன் பின்னணியினர் உங்கள் குழுவில் நிச்சயம் ஓரிருவர் இருப்பார்கள்.

எத்தனை பேர், எந்த நாள்

ஆறு முதல் பத்துப் பேர் சரியான அளவு. நான்குக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் கூட்டம் வெறிச்சோடும். பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு பேர் பேச மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

கிழமையைத் தேர்வதில் இந்த ஊருக்கென்று சில கணக்குகள் உண்டு. செவ்வாய் அந்தோணியார் நவநாள், புதன் சகாய மாதா நவநாள், வெள்ளி பல சபைகளில் உபவாச ஜெபம், சனி பாடகர் குழுப் பயிற்சி. மிஞ்சுவது திங்களும் வியாழனும். வியாழன் மாலை 7.00 மணிக்குத் தொடங்கி 8.15-க்கு முடிப்பது பலருக்கும் ஒத்துவருகிறது. நெய்வேலியிலோ சிப்காட்டிலோ ஷிப்ட் வேலை பார்ப்பவர், ஜிப்மரில் நர்ஸாக இருப்பவர் குழுவில் உண்டென்றால் அவர்களால் வாராவாரம் வர முடியாது. அவர்களுக்காக நாளை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். நிலையான நாள் இருந்தால் அவர்கள் டூட்டியை அதற்கேற்ப மாற்றிக் கேட்பார்கள்.

தொடங்க ஏற்ற காலம் ஜனவரி நடுப்பகுதி, இல்லாவிட்டால் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழிந்த ஜூன் மாதம். தவக்காலத்தில் தொடங்குவது சுலபம், ஆனால் ஈஸ்டரோடு கலைந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவர்கள் செப்டம்பர் 8 திருவிழா முடிந்துதான் கையில் கிடைப்பார்கள். நவம்பர், டிசம்பரில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஒரு பக்கம் கேரல் ரவுண்டு, இன்னொரு பக்கம் மழை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைத்தான் அடித்தன. ஏற்கெனவே நடக்கும் குழுவானால் டிசம்பருக்கு விடுமுறை அறிவித்து, திரும்பக் கூடும் தேதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தேதி சொல்லாத விடுமுறை பெரும்பாலும் நிரந்தர விடுமுறை.

இடம்

ஒரே வீட்டில் தொடர்ந்து நடத்துவது எளிது. முறை வைத்து வீடு மாற்றினால் உறவு வளரும், கூடவே தொல்லையும். எப்படியானாலும் முதல் நான்கு வாரம் ஒரே வீடு போதும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும், சுவரொட்டிய பக்கத்து வீட்டிலும் முன்னதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்: வாரம் ஒருநாள், எட்டேகாலுக்கு முடிந்துவிடும், மைக் கிடையாது. பத்துப் பேர் உட்கார்ந்து வாசிக்க மைக் எதற்கு? முத்தியால்பேட்டை மாதிரி குறுகலான தெருவில் சண்டை வருவது பாட்டால் அல்ல, குறுக்கே நிறுத்தும் டூவீலரால். வண்டியை எங்கே விடுவது என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

அறையில் வட்டமாக உட்கார வேண்டும். சோபாக்கள் டிவியைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். அப்படியே விட்டால் ஆண்கள் சோபாவில், பெண்கள் பாயில், மருமகள் அடுப்படி வாசலில் என்று அமைந்துவிடும். வாசலில் உட்கார்ந்தவர் கடைசி வரை வாய் திறக்க மாட்டார். சோபாவை ஒதுக்கிவிட்டு எல்லாருக்கும் பாய். முட்டி வலிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் வட்டத்துக்குள்ளேயே. டியூப்லைட் வெளிச்சம் பத்தாவிட்டால் வயதானவர்கள் ‘கண்ணாடி கொண்டுவரலை’ என்று வாசிப்பிலிருந்து நழுவிவிடுவார்கள்.

எந்த வேதாகமம்

இந்த வட்டாரத்தில் ஒரே வட்டத்தில் குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்புகள் இருக்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளில் 19-ஆம் நூற்றாண்டுத் திருத்தமான பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க வீடுகளில் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். முதலாவதில் 66 நூல்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73: புதிய ஏற்பாடு இரண்டிலும் 27, வித்தியாசம் முழுவதும் பழைய ஏற்பாட்டில். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்த காலத்திலிருந்து தமிழ் வேதாகமம் பலமுறை திருத்தப்பட்டு வந்திருக்கிறது. ‘எங்களுடையதுதான் அசல்’ என்ற வாதத்தை முதல் நாளே மூடிவிடுங்கள்.

நடைமுறைச் சிக்கல் நூல் பெயர்களில் வரும். ஆதியாகமம் திருவிவிலியத்தில் தொடக்க நூல். யாத்திராகமம் விடுதலைப் பயணம். சங்கீதம் திருப்பாடல்கள். அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். அறிவிக்கும்போது இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு, பக்க எண்ணையும் சொல்லுங்கள். புதிதாக வந்தவர் பக்கத்தைத் தேடித் தடுமாறும் அந்த அரை நிமிடத்தில்தான் ‘இது நமக்கான இடமில்லை’ என்று முடிவுகட்டுகிறார்.

வசன எண்ணும் சில இடங்களில் பிசகும். பிலிப்பியர் 1-ஆம் அதிகாரத்தில் 16, 17-ஆம் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலும் புதியவற்றிலும் இடம் மாறியிருக்கும். மாற்கு 9-இல் 44, 46-ஆம் வசனங்கள் பல புதிய பதிப்புகளில் பத்திக்குள் இராது. 48-ஆம் வசனத்தின் அதே வாக்கியம் அங்கேயும் பழங்காலப் பிரதியாளர்களால் சேர்க்கப்பட்டது என்பதே அறிஞர் கருத்து. ‘வசனத்தைத் தூக்கிட்டாங்க’ என்று ஒருவர் பதறினால் இதைச் சொல்லுங்கள். முந்தின நாளே இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் கூட்டத்தில் விழிக்க வேண்டியதில்லை.

படிப்புக்கு ஒரு மொழிபெயர்ப்பை முதன்மையாக எடுத்து, மற்றதை ஒப்பிட வைத்துக்கொள்வது நல்லது. செல்போனில் வேதாகமச் செயலி வைத்திருப்பவர்கள் வரலாம், ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு. ஆனால் புதியவர்களுக்கு அச்சுப் பிரதியே மேல். பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்றும், உபரியாக இரண்டு சாதாரணப் பிரதியும் அந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

எந்த நூலில் தொடங்குவது

வெளிப்படுத்தல் வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். தானியேல் வேண்டும் என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் இன்னும் ஒரு வருடம் போகட்டும். அந்த நூல்களில் வசனத்தை விடக் காணொளிகளில் கேட்டதுதான் அதிகம் பேசப்படும்.

முதல் சோதனைக்கு நான்கு அதிகார நூல் ஒன்று போதும். ரூத் 85 வசனம், கதையாக ஓடும், மாமியார் மருமகள் பற்றியது என்பதால் பெண்கள் உடனே பேசத் தொடங்குவார்கள். யோனா 48 வசனம். பிலிப்பியர் 104 வசனம், ஆனால் கடிதம் என்பதால் வாக்கியங்கள் நீளம். எங்கள் பரிந்துரை ரூத். அதன்பின் மாற்கு. மாற்கு 16 அதிகாரம்தான் என்று வாரம் ஓர் அதிகாரம் ஓட்டாதீர்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சி, 7 முதல் 15 வசனம் வரை. அதற்கு மேல் போனால் வாசிப்பு மட்டும்தான் நடக்கும்.

ஒரு பகுதியைத் தயாரிக்கும் விதம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மொத்தம் இரண்டு மணி நேரம், ஒரே மூச்சில் அல்ல, மூன்று நாளாகப் பிரித்து. மாற்கு 4:35–41, கடலில் புயல் அடங்கிய நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையில் இதை நடத்தத் தனிக் கவனம் வேண்டும் என்பதால்.

முதல் நாள், விளக்கவுரையைத் தொடாமல் பகுதியை ஐந்து முறை வாசியுங்கள், ஒருமுறையாவது உரக்க. யார், எங்கே, எப்போது, திரும்பத் திரும்ப வரும் சொல் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘அன்று சாயங்காலத்தில்’ என்று தொடங்குகிறது. எந்த அன்று? அதிகாரத்தின் முதல் வசனத்துக்குப் போனால் தெரியும்: அவர் படகில் உட்கார்ந்து கரையிலிருந்த மக்களுக்கு உவமைகள் சொன்ன அதே நாள். ‘வேறே படவுகளும்’ கூட வந்தன என்ற குறிப்பும், தலையணைக் குறிப்பும் மாற்குவில் மட்டும்தான், மத்தேயுவிலும் லூக்காவிலும் கிடையாது. மத்தேயுவில் சீடர்கள் ‘எங்களை இரட்சியும்’ என்று கேட்கிறார்கள். மாற்குவில் ‘உமக்குக் கவலையில்லையா’ என்கிறார்கள். அதனால் மூன்று சுவிசேஷத்தையும் கலந்து ஒரே கதையாக்க வேண்டாம். மாற்கு சொல்வதை மாற்குவாகவே கேளுங்கள்.

இரண்டாம் நாள், பின்னணி. கலிலேயாக் கடல் என்பது நன்னீர் ஏரி. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர், அகலமான இடத்தில் 13. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, சுற்றிலும் மேட்டு நிலம். அங்கிருந்து காற்று திடீரென இறங்கித் தண்ணீரைக் கலக்கும். வங்கக் கடலைத் தினம் பார்க்கும் நம் ஆட்கள் இதைச் சொல்லாவிட்டால் தேவனாம்பட்டினம் கடலைத்தான் மனதில் வைத்துக்கொள்வார்கள், ‘அக்கரை’ எங்கே என்று குழம்புவார்கள். 1986-இல் அந்த ஏரிச் சேற்றிலிருந்து முதலாம் நூற்றாண்டுப் படகு ஒன்று கிடைத்தது: சுமார் 8 மீட்டர் நீளம், இரண்டேகால் மீட்டர் அகலம். படகில் போய்ப் பழகியவர் குழுவில் இருந்தால், அந்த அளவுள்ள படகில் அலை ஏறினால் எப்படி இருக்கும் என்று அவரைச் சொல்லவிடுங்கள். உங்கள் விளக்கவுரையை விட அது தெளிவாக இருக்கும்.

மூன்றாம் நாள், கேள்விகள். எட்டு போதும்: நான்கு காண்பதற்கு, மூன்று பொருளுக்கு, ஒன்று வாழ்வுக்கு. காணும் கேள்விக்கு விடை வசனத்திலேயே விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

அக்கரைக்குப் போகச் சொன்னது யார், எந்த நேரத்தில்? புயல் நேரத்தில் இயேசு படகில் எங்கே, எப்படி இருந்தார்? சீடர்கள் அவரிடம் சொன்னது வேண்டுதலா, குறையா, எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறீர்கள்? பயம் இந்தப் பகுதியில் எத்தனை இடத்தில் வருகிறது, ‘மிகவும்’ பயந்தது எப்போது?

கடைசிக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கும்போது வட்டத்தில் ஓர் அசைவு வரும். ‘மிகவும் பயந்து’ என்பது 41-ஆம் வசனத்தில், அதாவது காற்று அடங்கிய பிறகு. அங்கிருந்து பொருளுக்குப் போகலாம். ஆபத்து நீங்கிய பின் ஏன் அதிகப் பயம்? இதற்கு சங்கீதம் 107:23–30-ஐ ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். கடலின் கொந்தளிப்பை அமர்த்துகிறவர் யார் என்று அந்தச் சங்கீதம் கேட்டு வளர்ந்த யூதர்களுக்குத் தெரியும். ‘இவர் யாரோ’ என்ற கேள்வியின் கனம் அப்போது புரியும். அந்தக் கேள்விக்கு மாற்கு எங்கே பதில் தருகிறார்? 8:29-இல் பேதுருவின் வாயில், 15:39-இல் சிலுவையருகே நின்ற நூற்றுக்கு அதிபதியின் வாயில். அவரே போகச் சொன்ன பயணத்தில் புயல் ஏன் வந்தது என்று பகுதி சொல்கிறதா? இல்லை. ‘சொல்லவில்லை’ என்பதும் முழு விடைதான், அதை நிரப்ப முயல வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர்க் கரைக் கிராமங்கள் பிள்ளைகளை இழந்தவை. உங்கள் பாயில் உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு எந்த இழப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ‘விசுவாசம் இருந்தால் கடல் அடங்கும்’ என்று பேச்சுவாக்கில் ஒரு வரி விழுந்தால், அடங்காமல் போன கடலுக்கு அவர்களைப் பொறுப்பாக்கியதாகிவிடும். வசனத்தில் அப்படி ஒரு வாக்குறுதியும் இல்லை: சீடர்களுக்கு விசுவாசம் இல்லாதபோதே காற்று அடக்கப்பட்டது, கண்டிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசையைக் கவனிக்க வையுங்கள்.

படகு என்றால் குடும்பம், காற்று என்றால் கடன், தலையணை என்றால் உலக சுகம் என்று உருவகமாக்கும் பழக்கம் நம் பக்கம் பலமாக உண்டு. தடுக்கச் சண்டை போட வேண்டாம். ‘எந்த வசனத்தில்?’ என்ற கேள்வி போதும்.

வாழ்வுக்கான கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் இந்த வாரத்துக்குள் செய்து முடிக்கக்கூடியதாக. ‘நாம் இன்னும் விசுவாசத்தில் வளர வேண்டும்’ என்பது பதிலே அல்ல. ‘ஆண்டவரிடம் குறையாகச் சொல்ல நான் தயங்கும் ஒன்றை இந்த வாரம் ஜெபத்தில் அப்படியே சொல்வேன்’ என்பது பதில்.

கூட்டம் நடக்கும் 75 நிமிடம்

வரவேற்பும் விசாரிப்பும் 5 நிமிடம். ஒரு பாட்டும் சிறு ஜெபமும் 5. கீர்த்தனையோ ஞானப்பாட்டோ எல்லாருக்கும் தெரிந்ததில் இரண்டு சரணம், சுருதி சற்றுத் தாழ்வாக. உச்சத்தில் எடுத்தால் இரண்டாம் அடியில் ஆண்கள் நின்றுவிடுவார்கள். வாசிப்புக்கு 10 நிமிடம்: பகுதியை இருமுறை, முதல்முறை ஒருவரே, இரண்டாம்முறை வேறு மொழிபெயர்ப்பில் வேறொருவர். ஆளுக்கொரு வசனம் சுற்றில் வாசிப்பதைத் தவிர்க்கலாம். எழுத்துக் கூட்டி வாசிப்பவர் தன் முறை எப்போது என்று எண்ணிக்கொண்டே எதையும் கேட்க மாட்டார். காணும் கேள்விகளுக்கு 15, பொருளுக்கு 20, வாழ்வுக்கு 10, ஜெபத்துக்கு 10.

கேள்வி கேட்டபின் அமைதி வந்தால் மனதுக்குள் நிதானமாகப் பத்து எண்ணுங்கள். புதிதாக நடத்துபவர் மூன்றிலேயே பொறுக்காமல் தானே பதிலைச் சொல்லிவிடுவார். இரண்டு வாரம் இப்படி நடந்தால், காத்திருந்தால் அண்ணனே சொல்லிவிடுவார் என்று குழு பழகிவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. பத்து எண்ணியும் பதில் இல்லையென்றால் கேள்வி சரியில்லை. அதையே சுருக்கி, வசன எண்ணோடு திரும்பக் கேளுங்கள்.

ஒரு பதில் வந்ததும் ‘சரி’, ‘தப்பு’ என்று தீர்ப்புச் சொல்லாமல் ‘மற்றவங்களுக்கு என்ன தோணுது?’ என்று வட்டத்துக்கே திருப்பிவிடுங்கள். பேச்சு உங்களுக்கும் ஒருவருக்கும் இடையே மட்டும் போய்வந்தால் அது வகுப்பறை ஆகிவிடும்.

ஜெப நேரத்தில் இந்த ஊரின் கலப்பு முழுவதும் வெளிப்படும். ஒருவர் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்வார், அடுத்தவர் சிலுவை அடையாளம் போடுவார், இன்னொருவருக்கு எழுதிவைத்த ஜெபம்தான் வரும். ஆளுக்கு ஒரு வாக்கியம், விருப்பமில்லாதவர் ‘ஆமென்’ மட்டும் என்று வைத்தால் எல்லாருக்கும் இடமிருக்கும். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தோடு முடிப்பதானால், எந்த வடிவம் என்று முன்பே சொல்லுங்கள். ‘பரமண்டலங்களிலே’ என்றும் ‘விண்ணுலகில்’ என்றும் பாதிப் பாதியாகத் தொடங்கும். கடைசியில் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று சிலர் தொடர, கத்தோலிக்கர் அதற்கு முன்பே ஆமென் சொல்லி முடித்திருப்பார்கள். இதில் சிரிப்பு வந்தால் வரட்டும்.

எங்கே இடறும்

பேசி முடிக்காதவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு, பெரும்பாலும் ஓய்வுபெற்ற, நிறைய வாசித்த பெரியவர். அவரைக் கூட்டத்தில் வெட்டிப் பேசாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்தால் கண்ணோடு கண் பார்க்க வேண்டிவராது, பேச்சு தானே குறையும். தனியாகப் பார்த்து, ‘ஐயா, சின்னவங்க பேசறதுக்கு நீங்கதான் எனக்கு உதவி பண்ணணும்’ என்று கேளுங்கள். இணை வசனங்களைக் கண்டுபிடித்து வரும் பொறுப்பை அவரிடம் கொடுப்பதும் பலன் தரும்.

பேசாதவர்களுக்கு இருவர் இருவராக மூன்று நிமிடம் பேசவிட்டுப் பிறகு வட்டத்துக்கு வருவது நல்ல வழி. மாமியாரையும் மருமகளையும் ஒரே ஜோடியாக்க வேண்டாம், ரூத் நடக்கும் வாரத்தில் கட்டாயம் வேண்டாம்.

குழந்தை ஞானஸ்நானமா முழுக்கு ஞானஸ்நானமா, அந்நியபாஷை, மாதா வணக்கம், தசமபாகம், நகை போடலாமா கூடாதா. இவற்றில் ஒன்று கிளம்பினால் அன்றைய பகுதி அதோடு போயிற்று. ஒரு நோட்டில் கேள்வியை எழுதிவைத்து, ‘இதை அவரவர் ஆயரிடமோ ஃபாதரிடமோ கேட்போம்’ என்று சொல்லி வசனத்துக்குத் திரும்புங்கள். அன்றைய பகுதியே அதைப் பற்றிப் பேசினால் மட்டும் பேசலாம்.

ஜெப விண்ணப்பம் வம்பாக மாறும் வேகம் சொல்லி மாளாது. ‘இன்னார் மகளுக்காக ஜெபியுங்கள், அந்தப் பெண்...’ என்று தொடங்கினால் ‘பெயர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்’ என்று நிறுத்துங்கள். தன்னைப் பற்றிய விண்ணப்பம் மட்டுமே என்று விதி வைக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் இடம், நேரம், பகுதி மட்டும். தீர்க்கதரிசன ஃபார்வர்டுகள், காலை வணக்கப் படங்கள் எதுவும் இல்லை. நோய்க்காக ஜெபிக்கும்போது யாரும் யாரிடமும் மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. இதில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம், கேட்ட இடத்திலேயே எல்லார் முன்னிலையிலும் மறுத்துவிடுங்கள்.

பணம் வட்டத்துக்குள் வரவே வேண்டாம். காணிக்கைப் பை சபைக்குரியது. சீட்டு சேர்ப்பது, பாலிசி விற்பது, கைமாற்றுக் கேட்பது ஆகியவை ஜெபம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் வாசலில் நடக்கும். முதல் வாரமே இது பற்றிச் சொல்லிவிட்டால் பின்னால் யாரையும் சுட்டுவதாகாது.

சிற்றுண்டி பிஸ்கட்டும் சுக்குக் காபியும், அதிகபட்சம் சுண்டல். ஒரு வீட்டில் கேசரி வந்தால் அடுத்த வீட்டில் பரோட்டா வரும், மூன்றாவது வீட்டுக்காரர் முறை வரும்போது ‘இந்த வாரம் வேண்டாமே’ என்பார். வசதி குறைந்தவர்கள் விலகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், காரணம் சொல்லாமல்.

வீடு முறை வைக்கத் தொடங்கியதும் இன்னொன்றையும் பாருங்கள்: யார் வீடு பட்டியலில் வரவேயில்லை? ‘அங்கே இடம் பத்தாது’, ‘அந்தத் தெருவுக்கு வண்டி போகாது’ என்ற காரணங்களுக்குப் பின்னால் சாதி நிற்கும். புதுவைக்கு இது புதிதல்ல. புதுவையின் கத்தோலிக்கக் கோயிலான அன்றைய சம்பா கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துவைத்த சுவரைப் பற்றி 1745-ஆம் ஆண்டு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பேசுகிறது. பட்டியலை நீங்களே எழுதுங்கள், எல்லா வீட்டையும் எழுதுங்கள், தவிர்க்கப்படும் வீட்டை இரண்டாவது வாரத்திலேயே வையுங்கள். அங்கே காபி குடிக்காமல் யார் எழுந்து போகிறார் என்று தெரிந்தால், அவரிடம் தனியாகப் பேச வேண்டியது உங்கள் வேலை.

கிறிஸ்தவரல்லாத நண்பரோ, இந்துக் குடும்பத்திலிருந்து வந்த மருமகளோ உட்கார்ந்தால், அவர்களை ஜெபிக்கச் சொல்லியோ சாட்சி கேட்டோ நெருக்காதீர்கள். காணும் கேள்விகளுக்கு அவர்களால் மற்றவர்களைப் போலவே பதில் சொல்ல முடியும். பல நேரம் கூர்மையாகவே சொல்வார்கள், கதையின் முடிவு அவர்களுக்கு முன்பே தெரியாதே.

குழந்தைகளுக்கு அடுத்த அறையில் ஒருவர் பொறுப்பு. முறைவைத்து மாறுங்கள், இல்லாவிட்டால் அது எப்போதும் ஒரே அக்காவின் தலையில் விழும், அவருக்கு வேதபாடமே இராது.

நான்கு வாரம் முடிந்ததும்

ரூத் முடிந்த நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்வி கேளுங்கள்: எது உதவியது, எது சலிப்பாக இருந்தது, தொடரலாமா? ‘நல்லா இருந்துச்சு பிரதர்’ என்ற பதிலை நம்பாதீர்கள். துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதித் தரச் சொன்னால் உண்மை வரும். தொடர்வதானால் மாற்கு முதல் எட்டு அதிகாரம் வரை என்று எல்லை வைத்து அறிவியுங்கள். முடிவு தெரிந்தால் சேர்வதற்குத் தயக்கம் குறையும். அந்தச் சுற்றில் மூன்றாவது வாரத்திலிருந்து வேறொருவரை நடத்தச் சொல்லுங்கள். தயாரிப்புத் தாளை முந்தின நாள் அவரோடு உட்கார்ந்து பாருங்கள், கூட்டத்தில் அவரைத் திருத்தாதீர்கள். பன்னிரண்டு பேரைத் தாண்டும்போது குழுவை இரண்டாக்கி ஒன்றை நடத்தப் போவது அவர்தான். பிரிக்கும்போது கணவன் மனைவியைச் சேர்த்தும், ஒரே அலுவலகத்தார், ஒரே கோயிலார் ஒரே பக்கம் குவியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உபரியாக வாங்கிய வேதாகமங்களில் பாதியைப் புதிய வீட்டுக்கு அன்றே கொடுத்துவிடுங்கள்.